உறுப்பினர் யார்? பென்சில்வேனிய ஜெர்மானியர் வரலாற்றுச் சங்கமும் அதன் சட்டவிதியும்



வரலாற்று மூலங்களுக்கு எடுத்துக்காட்டு தருக என்று கேள்வி வந்தால் நாம் எதையெல்லாம் எழுதுகிறோம்? கல்வெட்டு, நாட்குறிப்பு, கடிதம், செய்தித்தாள், நேர்காணல். ஒரு சங்கத்தின் சட்டவிதிகளை யாராவது எழுதியதுண்டா? அநேகமாக இல்லை. ஆண்டுக்கூட்டத்தில் கையில் கொடுத்தாலும் யாரும் புரட்டாத அந்த நாலைந்து தாளில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால், ஒரு சமூகத்தின் வரலாற்றைச் சேகரிக்க என்றே ஒரு சங்கம் தொடங்கப்படும்போது, அதன் சட்டவிதிதான் பல விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. யார் உறுப்பினர், எந்த மொழியில் எழுதுவது, எந்தத் தாளைக் காப்பாற்றுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். பின்னால் வரும் மாணவன் நூலகத்தில் எதைப் படிப்பான் என்பதும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டும் ஓர் உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே குடியேறிய ஜெர்மானியர்களின் வழிவந்தவர்கள் 1891ஆம் ஆண்டு தொடங்கிய சங்கம் அது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் பின்னணி. வில்லியம் பென் என்ற ஆங்கிலேயருக்கு 1681இல் இங்கிலாந்து மன்னர் கொடுத்த நிலம்தான் பென்சில்வேனியா. பென் குவேக்கர் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவர். சமயத்துக்காக யாரையும் துன்புறுத்தாத குடியேற்றமாக இது இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அதை நம்பி ஜெர்மன் நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1683 ஆகஸ்ட் மாதம் பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் என்ற வழக்கறிஞர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் கிரேஃபெல்ட் என்ற ஊரிலிருந்து 13 குடும்பங்கள் ‘கான்கார்ட்’ என்ற கப்பலில் வந்து இறங்கின. பிலடெல்பியா நகருக்கு அருகே அவர்கள் அமைத்த குடியிருப்புக்குப் பெயரே ஜெர்மன்டவுன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஓடை ஆறானது. ரைன் நதிக்கரையில் உள்ள பலாட்டினேட், வூர்ட்டம்பெர்க், சுவிட்சர்லாந்து ஆகிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அமெரிக்க விடுதலைக் காலத்தில் பென்சில்வேனிய மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஜெர்மானிய வழியினர் என்று பெஞ்சமின் பிராங்கிளினே மதிப்பிட்டார். இந்தப் பிராங்கிளினின் கதையும் வேடிக்கையானதுதான். 1732இல் இவர்களுக்காகவே ஜெர்மன் மொழியில் ஒரு செய்தித்தாளை அச்சிட்டுப் பார்த்தார், ஓடவில்லை. 1751இல் எழுதிய கட்டுரையில், இவர்கள் நம் மொழியையும் பழக்கத்தையும் ஏற்க மாட்டேன் என்கிறார்களே என்று புலம்பினார். குடியேறிகளின் மொழியைப் பற்றிய புலம்பல் எவ்வளவு பழையது பார்த்தீங்களா!

வந்தவர்களில் பலரிடம் கப்பல் கட்டணம் இல்லை. அவர்கள் வந்த முறைக்கு ‘மீட்புப் பயணம்’ என்று பெயர் சொல்லலாம். கடனாகக் கப்பல் ஏறுவார்கள். பிலடெல்பியா வந்ததும், உறவினர் யாராவது பணம் கட்டி மீட்க வேண்டும். மீட்க ஆள் இல்லையென்றால், கடனை அடைத்து ஆளை வாங்கிக்கொள்ளும் எஜமானிடம் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும். மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வழக்கமான ஒப்பந்தத் தொழிலாளி புறப்படும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். இவர்களுக்கோ ஒப்பந்தம் கரை சேர்ந்த பிறகுதான். யாரிடம், எத்தனை ஆண்டு என்பது கப்பல் தளத்தில்தான் தெரியும்.

இதை நேரில் பார்த்து எழுதியவர் ஓர் ஆசிரியர். காட்லீப் மிட்டல்பெர்கர் என்று பெயர். 1750இல் தேவாலயத்துக்கான ஓர் ஆர்கன் இசைக்கருவியோடு கப்பலேறினார். பென்சில்வேனியாவில் பள்ளி ஆசிரியராகவும் ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்துவிட்டு 1754இல் ஊர் திரும்பினார். 1756இல் அவருடைய பயண நூல் வெளிவந்தது. வாங்குவோர் கப்பலுக்கே வந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள், பெரியவர்கள் 3 முதல் 6 ஆண்டுவரை கட்டுப்பட்டார்கள், பிள்ளைகள் 21 வயதுவரை உழைத்தார்கள் என்று எழுதுகிறார். பாதி வழிக்கு மேல் கணவனோ மனைவியோ இறந்துவிட்டால், உயிரோடு இருப்பவர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கடனைத் தீர்க்க வேண்டுமாம். நூலின் நோக்கம் யாரும் இப்படி ஏமாந்து போகாதீர்கள் என்று எச்சரிப்பது. ஆகவே, அதில் கொஞ்சம் அழுத்தம் கூடியிருக்கலாம். மூலத்தை மதிப்பிடும்போது எழுதியவரின் நோக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கொடுமைக்கு எதிராகத்தான் முதல் சங்கம் பிறந்தது. 1764 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பிலடெல்பியாவில் செர்ரி தெருவில் இருந்த லூத்தரன் பள்ளிக்கூடத்தில் 65 பேர் கூடினார்கள். (சங்கம் என்றால் பள்ளிக்கூடத்தில்தான் பிறக்கும் போலிருக்கிறது!) பென்சில்வேனிய ஜெர்மானியர் சங்கம் என்று பெயரிட்டார்கள். முதல் தலைவர் ஹைன்ரிக் கெப்பலே என்ற வணிகர். இவர் 1738இல் தாம் வந்த கப்பலைப் பற்றி எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. கப்பலில் 312½ பேர் ஏறினார்கள், அவர்களில் 250 பேர் இறந்தார்கள் என்கிறது அக்குறிப்பு. அரை ஆளா என்று கேட்கிறீர்களா? சிறுவனைப் பாதிக் கட்டணமாகக் கணக்கிட்டதால் வந்த அரை அது. கட்டணப் பட்டியலில் மனிதன் எப்படி எண்ணப்பட்டான் என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இந்தச் சங்கத்தின் வேலை வரலாறு எழுதுவதல்ல. கப்பலில் வந்தவர்களுக்கு உதவுவது, ஏமாற்றப்பட்டவர்களுக்கு வழக்காடுவது, சட்டத்தைத் திருத்தச் சொல்லி மன்றத்தை நெருக்குவது ஆகியவைதான். மறு ஆண்டே, அதாவது 1765இல், பயணிகளின் நிலையைச் சீராக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. 1817இல் சங்கத்துக்குள்ளேயே ஒரு நூலகமும் தொடங்கினார்கள். உதவிக்காகத் தொடங்கிய சங்கத்தின் தாள்களே பிற்காலத்தில் வரலாற்று மூலங்களாயின. சங்கம் இன்றும் பிலடெல்பியாவில் இயங்குகிறது.

இவ்விடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு தொடர்பைச் சொல்லாமல் போக முடியாது. பென்சில்வேனிய லூத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்த 1742இல் வந்த போதகர் ஹைன்ரிக் மெல்கியோர் மூலன்பெர்க். இவரை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள பிராங்கே நிறுவனம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற சீகன்பால்குவும் அந்த ஹாலே வட்டத்தில் உருவானவர்தான். தமிழ் அகராதி தந்த பாப்ரிசியுசும் அங்கிருந்து வந்தவரே. தரங்கம்பாடியிலிருந்து வந்த அறிக்கைகளையும் பென்சில்வேனியாவிலிருந்து வந்த அறிக்கைகளையும் ஹாலே தனித்தனித் தொடராக அச்சிட்டது. இன்றும் அந்நிறுவனத்தின் காப்பகத்தில் அமெரிக்க ஜெர்மானியர் பற்றிய கடிதங்களும் நம் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

சரி, இனி 1891க்கு வருவோம்.

ஏன் 1891? இதற்கு விடை ஜெர்மனியில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. 1880களில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேலான ஜெர்மானியர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். நகரங்களில் ஜெர்மன் நாளிதழ்கள், பாட்டு மன்றங்கள், உடற்பயிற்சிக் கழகங்கள், பியர்த் தோட்டங்கள் என்று அவர்களுக்கு ஒரு தனி உலகமே இருந்தது. 150 ஆண்டுக்கு முன் வந்து, லங்காஸ்டர், பெர்க்ஸ் மாவட்டங்களில் விவசாயம் செய்துகொண்டு, தனி வட்டார வழக்கு பேசிக்கொண்டிருந்த பழைய குடும்பங்களுக்கு இவர்களோடு பெரிய ஒட்டுதல் இல்லை. தங்கள் பேச்சை அவர்கள் ‘டைட்ச்’ என்றார்கள். ஆங்கிலேயர் காதில் அது ‘டச்சு’ என்று விழுந்தது. ‘பென்சில்வேனிய டச்சு’ என்ற பெயரும், கூடவே ‘மந்த டச்சு’ என்ற கேலியும் ஒட்டிக்கொண்டன. நியூ இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய அமெரிக்க வரலாற்று நூல்களில் இவர்களுக்கு ஓரமாகக்கூட இடமில்லை. அதே வேளையில் நாடு முழுவதும் பரம்பரைச் சங்கங்கள் முளைத்தன. விடுதலைப் போர் வீரர்களின் மகன்கள் சங்கம் 1889இல், மகள்கள் சங்கம் 1890இல். நாங்களும் அன்றே வந்தவர்கள்தாம், நாங்களும் போரில் நின்றவர்கள்தாம் என்று சொல்ல இவர்களுக்கும் ஒரு மேடை தேவைப்பட்டது.

அப்படித்தான் 1891 ஏப்ரல் 15ஆம் நாள் லங்காஸ்டர் நகரில் பென்சில்வேனிய-ஜெர்மன் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் வில்லியம் ஹென்றி ஈகல், மாநில நூலகர். நூலகரைத் தலைவராக்கியது நல்ல தொடக்கம் என்பேன். ஆண்டுதோறும் கூட்ட நடவடிக்கைகளையும் உரைகளையும் தொகுத்து நூலாக வெளியிடுவது என்று முடிவானது. வெளியீட்டு மொழி ஆங்கிலம்.

இப்போது சட்டவிதிக்கு வருவோம். முழு உறுப்பினர் ஆக வேண்டுமென்றால், பென்சில்வேனியாவுக்கு ஆரம்பக் காலத்தில் வந்த ஜெர்மானிய அல்லது சுவிஸ் குடியேறியின் நேரடி வழித்தோன்றலாக இருக்க வேண்டும். இதன் பொருள் என்ன? 1885இல் பிரேமன் துறைமுகத்தில் கப்பலேறி வந்த ஒருவர் சுத்தமான ஜெர்மன் பேசலாம், ஜெர்மன் வரலாற்றைக் கரைத்துக் குடித்திருக்கலாம். முழு உறுப்பினர் ஆக முடியாது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த, ஜெர்மனியை வரைபடத்தில் மட்டுமே பார்த்த ஒருவர், கொள்ளுத் தாத்தா 1740இல் வந்தவர் என்று காட்டிவிட்டால் உறுப்பினர். ஆக, இது ஜெர்மானியர் சங்கம் அல்ல. அன்றே வந்தவர்களின் சங்கம்.

ஒப்பிட ஒரு பக்கத்து வீடு இருக்கிறது. பால்டிமோர் நகரில் 1886இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் மேரிலாந்து ஜெர்மானியர்களின் வரலாற்றுக்கான சங்கம். பெயரிலேயே வேறுபாடு தெரிகிறது, இல்லையா? ஒன்று ஆட்களின் பெயரால் நிற்கிறது, மற்றொன்று பாடப்பொருளின் பெயரால் நிற்கிறது. மேரிலாந்து ஜெர்மானியரின் முழு வரலாற்றை 1948இல் எழுதி வெளியிட்டவர், அச்சங்கத்தோடு தொடர்புடைய டீட்டர் குன்ஸ். அவரே ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சியை விட்டு வெளியேறி, 1939இல் அமெரிக்கா வந்த மனிதர். பழைய குடியேறிகளின் கதையைப் புதுக் குடியேறி ஒருவர் எழுதினார். எனக்கு இது பிடித்த செய்தி.

ஆனால், பென்சில்வேனிய விதியைக் குறுகிய புத்தி என்று சொல்லி முடித்துவிட்டால் அது அரைகுறை விடை. அந்த விதியால் விளைந்த நன்மையும் உண்டு. வழித்தோன்றல் என்று காட்ட வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும். ஆதாரம் வேண்டுமென்றால் கப்பல் பட்டியல் வேண்டும். 1727 முதல் பென்சில்வேனியாவில் ஒரு நடைமுறை இருந்தது. அந்நியத் துறைமுகங்களிலிருந்து வரும் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஆங்கிலேய மன்னருக்கு விசுவாசம் கூறிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியல்கள் தப்பிப் பிழைத்திருந்தன. 1856இல் இஸ்ரேல் டேனியல் ரப் என்பவர் அவற்றிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். பிறகு 1934இல் சங்கமே, ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே என்ற இருவரின் உழைப்பில், 1727 முதல் 1808 வரையிலான பட்டியல்களை மூன்று தொகுதிகளாக அச்சிட்டது. ஒரு தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல். எழுதத் தெரிந்தவர் பெயர் எழுதினார், தெரியாதவர் ஒரு குறி போட்டார். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரும், அவரவரே போட்ட கையெழுத்தும் சில இடங்களில் ஒத்தே போகாது. ம்யூலர் மில்லர் ஆனார், ஷ்னைடர் ஸ்னைடர் ஆனார், ட்சிம்மர்மன் என்ற தச்சர் பெயர் கார்ப்பென்டர் என்று மொழிபெயர்ந்தே போனது. உறுப்பினர் விதி இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய வேலைக்கு ஆர்வம் திரண்டிருக்குமா? சந்தேகம்தான்.

இப்போது அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். அப்படின்னா பெண்கள் எங்கே? பிள்ளைகள் எங்கே? பெரும்பாலான பட்டியல்களில் இல்லை. விசுவாசம் கூறத் தேவையில்லாதவர்கள் என்பதால் அரசு அவர்களை எழுதவில்லை. அரசு எழுதாததால் சங்கமும் அச்சிட முடியவில்லை. மூன்று தொகுதியைப் புரட்டினால், ஆண்கள் மட்டுமே கடல் கடந்து வந்தது போல ஒரு தோற்றம்.

அவர்களைத் தேட வேறு தாள் வேண்டும். அது பள்ளி ஆசிரியர்களின் கையில் இருந்தது. பென்சில்வேனிய ஜெர்மானியரிடம் ‘ஃபிராக்டூர்’ என்ற அலங்கார எழுத்துக் கலை இருந்தது. பறவை, டியூலிப் மலர், இதயம் என்று வண்ணத்தில் வரைந்து, நடுவே அழகிய எழுத்தில் எழுதுவார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் போதகர்களும். ஸ்கிப்பாக் என்ற இடத்தில் கற்பித்த கிறிஸ்டோபர் டாக் நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒரு பூவோ பறவையோ வரைந்து பரிசாகக் கொடுப்பாராம். அவர் 1750இல் எழுதி, 1770இல் அச்சான கற்பித்தல் நூல்தான் அமெரிக்காவில் எழுந்த முதல் கல்வியியல் நூல் என்று போற்றப்படுகிறது. 1771இல் வகுப்பறையிலேயே மண்டியிட்டு ஜெபித்த நிலையில் அவர் உயிர் பிரிந்தது.

ஃபிராக்டூர் தாள்களில் மிக அதிகமாகக் கிடைப்பவை பிறப்பு, ஞானஸ்நானச் சான்றிதழ்கள். அவற்றில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஊர், தகப்பன் பெயர், தாயின் பெயர் எல்லாம் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். கப்பல் பட்டியலில் இல்லாத பெண் இங்கே முழுப் பெயரோடு நிற்கிறாள். இந்தத் தாள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கின்றன. எப்படி அங்கே போயின? விடுதலைப் போர் வீரர்களின் கைம்பெண்கள் ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டபோது திருமணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் ஆதாரம் கேட்டார்கள். வீட்டில் இருந்த ஒரே ஆதாரத்தை, அந்த வண்ணத் தாளை, பெட்டியிலிருந்து எடுத்து மனுவோடு இணைத்து அனுப்பினார்கள். அது திரும்பி வரவில்லை.

பெரிய மனிதர் வரலாற்றையே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்படிப்பட்ட வீட்டுத் தாள்களின் அருமை மெல்லத்தான் புரிந்தது. 1935இல் பென்சில்வேனிய ஜெர்மானிய நாட்டுப்புறவியல் சங்கம் என்று இன்னொன்று தோன்றி, பாட்டு, கதை, வைத்தியம், கைவினை என்று சேர்க்க ஆரம்பித்தது. 1960களில் இரண்டும் ஒன்றாக இணைந்தன.

பெருமைக்காகத் தொடங்கும் சங்கங்களுக்கு ஒரு நோய் உண்டு, கட்டுக்கதை. ஜெர்மன் மொழி ஒரே ஒரு வாக்கில் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போனது, அந்த ஒரு வாக்கு மூலன்பெர்க்கின் மகனுடையது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. நடந்தது வேறு. அமெரிக்கச் சட்டங்களை ஜெர்மனிலும் மொழிபெயர்த்து அச்சிடுங்கள் என்று வர்ஜீனியாவிலிருந்து சில ஜெர்மானியர் 1794இல் மனுக் கொடுத்தார்கள். 1795 ஜனவரியில் அதன் மீதான விவாதத்தைத் தள்ளிவைக்கலாமா என்ற வாக்கெடுப்பு 42க்கு 41 என்ற கணக்கில் தோற்றது. ஆட்சிமொழி என்ற பேச்சே எழவில்லை. மூலன்பெர்க்கின் மகன் பிரடெரிக் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர் என்பது மட்டும் உண்மை. உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது கதை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி போர்க் காலம். 1901 அக்டோபர் 6ஆம் நாள், கான்கார்ட் கப்பல் வந்த அதே தேதியில், பிலடெல்பியாவில் தேசிய ஜெர்மன்-அமெரிக்கர் கூட்டணி என்ற பேரமைப்பு தொடங்கியது. தலைவர் சார்லஸ் ஹெக்ஸமர். 1907இல் அமெரிக்க நாடாளுமன்றமே அதற்கு ஒரு சாசனம் வழங்கியது. அதைவிடப் பெரிய அங்கீகாரம் ஒரு சங்கத்துக்கு என்ன வேண்டும்? ஆனால், முதல் உலகப் போர் வந்தது. 1917இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியது. 1918இல் செனட் சபை விசாரணை நடத்தியது. ஏப்ரலில் கூட்டணி தன்னையே கலைத்துக்கொண்டது. ஜூலையில் சாசனமும் ரத்தானது. அதிகாரம் கொடுத்த தாள், அதிகாரம் நினைத்தபோது போய்விட்டது. ஜெர்மன்டவுனில் பாஸ்டோரியசுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம் போர் முடியும்வரை மறைத்து மூடி வைக்கப்பட்டு, 1920இல்தான் திறக்கப்பட்டது.

பள்ளிகளில் நடந்தது இன்னும் கசப்பானது. 1915இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஜெர்மன் படித்தார். 1922இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மேற்கே நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் போட்டது. எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது, தனியார் பள்ளியிலும் கூடாது. 1920 மே மாதம் ராபர்ட் மேயர் என்ற லூத்தரன் பள்ளி ஆசிரியர் 10 வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் வாசிப்புச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு 25 டாலர் அபராதம். மாநில உச்ச நீதிமன்றம் அபராதம் சரி என்றது. மேயர் விடவில்லை. 1923 ஜூன் 4ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 7 நீதிபதிகளுக்கு 2 என்ற கணக்கில், அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கற்பிக்கும் ஆசிரியரின் உரிமையும், பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது என்ற பெற்றோரின் உரிமையும் அதில் அங்கீகரிக்கப்பட்டன. மொழி உரிமை பற்றிய வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. தாய்மொழிப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கலாம்.

பேரமைப்பு விழுந்தது. 1891இல் தொடங்கிய வரலாற்றுச் சங்கமோ நிலைத்து நின்றது. ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். நாம் மேலே குறை சொன்ன அந்த உறுப்பினர் விதியே இங்கே கேடயமானது. நாங்கள் ஜெர்மன் நாட்டின் ஆட்கள் அல்ல, அமெரிக்கா பிறக்கும் முன்பே இங்கே இருந்தவர்கள், ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் என்று சொல்ல அவர்களால் முடிந்தது. நேற்று வந்தவர்களை வெளியே நிறுத்திய கதவு, புயல் வந்தபோது உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. வெளியே நின்றவர்கள் நனைந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்று அமெரிக்காவில் ஒரு சிறு ஊரில் இப்படி ஒரு சங்கம் தொடங்குவது எப்படி நடக்கிறது? மாநிலத்தில் இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிய வேண்டும். நம் சங்கப் பதிவிலாகா வேலை போலத்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை, ஆண்டுக்கூட்டம், கோரம் எல்லாம் நமக்குப் பழகியவையே. வரிவிலக்கு வேண்டுமென்றால் கூடுதலாக இரண்டு உறுதிகள் தர வேண்டும். சங்கத்தின் வருமானம் எந்தத் தனி ஆளின் பைக்கும் போகக்கூடாது. சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் பங்காகாமல் அதே போன்ற பொது நோக்கமுள்ள அமைப்புக்குப் போக வேண்டும். தொடங்கும் நாளிலேயே கலையும் நாளைப் பற்றி எழுதுவதா என்று சிலருக்குச் சங்கடமாக இருக்கும். வரலாற்றுச் சங்கத்துக்கு அதுதான் முக்கியமான விதி. ஏனென்றால், அதன் சொத்து வங்கிக் கணக்கு மட்டுமல்ல, பெட்டியில் இருக்கும் பைபிளும், ஞானஸ்நானத் தாளும், கடிதமும் கூட. கடைசிச் செயலாளர் வீட்டு மாடியில் அவை மட்கிப்போகக் கூடாது.

இன்னொரு தாளும் உண்டு, கொடைப் பத்திரம். ஒரு குடும்பம் பழைய சான்றிதழைச் சங்கத்திடம் கொடுக்கும்போது, இது இரவலா, நிரந்தரக் கொடையா, அச்சிடலாமா, வேறு காப்பகத்துக்கு மாற்றலாமா என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வாய்ப் பேச்சாகக் கொடுத்து வாங்கினால் முப்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை வந்து எங்கே எங்கள் தாத்தாவின் தாள் என்று கேட்பார். பதில் சொல்ல ஆளிருக்காது. பெட்டிக்கு எண், எண்ணுக்குப் பட்டியல், பட்டியலுக்கு நகல், இவை சலிப்பான வேலைகள். கெட்டியான ஒரு மனிதரிடம் ஒப்படைத்தால்தான் நடக்கும்.

அந்தச் சலிப்பான வேலை நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன்டவுனிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1688இல் பாஸ்டோரியசும் வேறு மூவரும் கையெழுத்திட்டு ஒரு மனு எழுதினார்கள். மனிதரை வாங்கி விற்பது தவறு, அடிமை முறை கூடாது என்பது அதன் சாரம். வட அமெரிக்க ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அடிமை முறைக்கு எதிராக எழுந்த முதல் எழுத்து மூலமான மனு என்று அது கருதப்படுகிறது. குவேக்கர்களின் மாதக் கூட்டம் இது பெரிய விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக்கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக்கூட்டம் முடிவெடுக்காமல் ஓரம் வைத்துவிட்டது. தாள் அப்படியே மறைந்துபோனது. 1844இல் கண்டெடுத்து அச்சிட்டார்கள். எழுதியவர்கள் ஜெர்மானியரா, டச்சுக்காரரா என்று பிறகு ஒரு சண்டை வேறு. சங்கத்தின் முன்னணி உறுப்பினரும் பிற்காலத்தில் மாநில ஆளுநருமான சாமுவேல் பென்னிபேக்கர் 1899இல் எழுதிய நூலில் ஜெர்மன்டவுனை ஜெர்மானியக் குடியேற்றத்தின் தொடக்கமாக எழுதினார். வில்லியம் ஹல் 1935இல் எழுதிய நூலில் கிரேஃபெல்ட்காரர்கள் டச்சு வழியினர் என்று வாதிட்டார்.

இவ்வளவு வாதம் நடந்த அந்தத் தாள் இதற்கிடையில் மறுபடியும் காணாமல் போயிருந்தது. 2005 மார்ச் மாதம் பிலடெல்பியாவில் ஆர்ச் தெரு குவேக்கர் கூட்டமன்றத்தின் பாதுகாப்பு அறையில் கிடைத்தது. ஓரங்கள் கிழிந்திருந்தன, மை மங்கியிருந்தது. சீர்படுத்திய பின் இப்போது ஹேவர்ஃபோர்டு கல்லூரியின் குவேக்கர் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள்.